கும்மிடிப்பூண்டி கெஜம்

ஈரப் புல்லின் மேல் இரும்புச் சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். புல்லுக்குள் சாரைப்பாம்பு போவது போல ஒரு சரசரப்பு. அதைத் தவிர வேறு சத்தமே இல்லை.

பந்து சேற்றில் கிடந்தது. பக்கத்தில் யூசுப், எங்கள் அணித்தலைவன், பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். தண்ணீர் கொடுக்க உள்ளே போன என்னிடம், "நீங்க பாருங்கண்ணா. என்னால பாக்க முடியாது" என்றான்.

சங்கிலியின் முனை பந்தைத் தாண்டினால் நாங்கள் தோற்போம். எங்கள் மைதானமும் போய்விடும். பந்து சங்கிலி முனையைத் தாண்டியிருந்தால் மைதானம் பிழைக்கும்.

நிவேதா, சந்தோஷ், அந்த யூசுப்தான் உங்கள் பொன்னேரி ஜவுளிக்கடை மாமா. போன ஞாயிறு நிவேதாவுக்கு யூனிபார்ம் துணி எடுக்கப் போனபோது, அவர் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்த ஊரு கெஜம்ணா?" என்று கேட்டார். "கும்மிடிப்பூண்டி கெஜம்" என்றேன். இரண்டு பேரும் கல்லாப்பெட்டி அதிரச் சிரித்தோம். அதில் என்ன சிரிப்பு என்று நிவேதா வீடு வரும் வரை கேட்டுக்கொண்டே வந்தாள். போன வாரம் நான் எழுதியதில் ஆலையின் அனல்தான் அதிகம், சிரிப்பே இல்லை என்று சந்தோஷும் குறைப்பட்டுக்கொண்டான். இரண்டு பேருக்கும் சேர்த்து இந்த வாரம்.

முட்டைப் பந்து

கவரைப்பேட்டையைத் தாண்டி இருந்த ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில் நான் அப்போது மைதான வேலை பார்த்தேன். பெயர்தான் பல்கலைக்கழகம். இரண்டு கட்டடம், ஒரு கேன்டீன், ஒரு பெரிய மைதானம், அவ்வளவுதான். சுற்றிலும் இரும்பு ஆலைகள். ஐடிஐ படித்துவிட்டு அந்த ஆலைகளில் ஒன்றில் அனலில் நின்றுவிட்டு வந்தவன் நான். புல்லுக்குத் தண்ணீர் விடும் வேலை எனக்குச் சொர்க்கமாக இருந்தது.

காலையில் மைதானத்தில் வெள்ளைச் சுண்ணாம்பில் கோடு போடுவேன். மத்தியானத்துக்குள் ஆலைகளின் துருப்பொடி படிந்து, கோடெல்லாம் செம்பு நிறத்துக்கு வந்துவிடும். காற்றில் எப்போதும் சூடான ஆணியை நாக்கில் வைத்த மாதிரி ஒரு வாசனை.

நிர்வாகத் தலைவரின் பேரன் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தான். ஒரு விடுமுறைக்கு வந்தவன், பெரிய பைகளில் முட்டை வடிவப் பந்துகளும் ஹெல்மெட்டுகளும் தோள் கவசங்களும் கொண்டுவந்தான். மழைக்காலம் முழுக்கப் பையன்களை ஓடவிட்டான், விழவிட்டான், சேற்றில் புரளவிட்டான். பிறகு விமானம் ஏறிப் போய்விட்டான். சாமான்களும் ஒரு விதிப் புத்தகமும் எங்களிடம் தங்கிவிட்டன. எங்கள் அமெரிக்கன் ஃபுட்பால் அணி பிறந்தது இப்படித்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் மாடு மேய்க்கும் கன்னியம்மா அக்கா ஒருநாள் வெகுநேரம் நின்று பார்த்தார்.

"இன்னா முனுசாமி, ஃபுட்பால்னு சொல்ற. ஒருத்தனும் காலால ஒதைக்க மாட்றான்?"

"இது அமெரிக்கா ஃபுட்பால்க்கா."

"அவுங்க ஊர்ல கைக்குப் பேரு காலா?"

நான் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

பேரன் போன பிறகு அணியை ஏற்றுக்கொண்டவர் பி.டி. சார் ஜெயபால். அவர் கபடிக்காரர். முழங்கால் இரண்டிலும் பழைய தழும்பு. விதிப் புத்தகத்தை ஒரு பக்கம் படிப்பார், மூடுவார், தனக்குத் தெரிந்த கபடியைக் கொண்டு மீதியை நிரப்பிக்கொள்வார். "கால் மூட்டப் புடிடா, மூட்ட" என்று கத்துவார். பையன்களும் கபடி ஆடி வளர்ந்தவர்கள். எதிராளியைப் பிடிக்கப் பாயும்போது பழக்க தோஷத்தில் சிலர் வாய்க்குள் "கபடி கபடி" என்று முணுமுணுப்பார்கள். ஏதோ மந்திரம் போடுகிறார்கள் என்று பயந்த அணியும் உண்டு.

ஒரு கெஜம் எவ்வளவு?

இந்த ஆட்டத்தில் ஒரு விஷயம் மட்டும் உங்களுக்குப் புரிந்தால் போதும். பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு. அந்த நாலுக்குள் பந்தைப் பத்து கெஜம் முன்னால் கொண்டுபோனால், மறுபடி நாலு வாய்ப்பு கிடைக்கும். முடியாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். அந்தப் பத்து கெஜத்தை அளக்க ஒரு சங்கிலி வைத்திருப்பார்கள்.

பேரன் எல்லாம் கொண்டுவந்தான், சங்கிலியை மறந்துவிட்டான். சாரும் நானும் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனோம். சார் விதிப் புத்தகத்தையும் கொண்டுவந்திருந்தார்.

"பத்து யார்டுன்னு போட்டுக்கீது. யார்டுன்னா கெஜம். உங்ககிட்ட கெஜக்கோல் இருக்குதா?" என்று கடைக்காரரைக் கேட்டார்.

"கெஜம்லாம் யாரு சார் இப்ப வெச்சிக்கினு கீறாங்க? கெஜமும் மீட்டரும் ஒண்ணுதான். அப்போ கெஜம்னாங்க, இப்போ மீட்டருன்றாங்க. பேருதான் மாறிச்சு."

சார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். பக்கத்தில் பிளாஸ்டிக் பக்கெட் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவும், "ஆமா, ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். அன்றைக்கு அந்தக் கடையில் கெஜத்துக்காகப் பேச ஒரு ஆள் இல்லை.

பத்து மீட்டர் சங்கிலி வெட்டினோம். இரண்டு முனையிலும் கம்பி மாட்டி ஆரஞ்சுத் துணி கட்டினோம். மைதானக் கோடுகளையும் மீட்டர் டேப்பை வைத்தே போட்டேன். நூறு கெஜம் என்று புத்தகத்தில் இருந்த இடத்தில் நூறு மீட்டர்.

முடியாத மைதானம்

பட்டணத்து அணிகளுக்குப் பெரிய மைதானம் இல்லை. அதனால் அவர்கள்தான் ரயில் ஏறி எங்களிடம் வருவார்கள். தோள் கவசங்களைக் கோணிப்பையில் கட்டிக்கொண்டு கவரைப்பேட்டை ஸ்டேஷனில் இறங்குவார்கள். ஆடுவார்கள். ஜெயிப்பார்கள். கேன்டீனில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு அடுத்த வண்டி ஏறுவார்கள்.

ஜெயித்தாலும் அவர்களுக்கு நாக்குத் தள்ளிவிடும். ஒருமுறை அவர்களில் ஒருவன் கோட்டுக்கு வெளியே மல்லாந்து கிடந்து புலம்பினான்.

"இன்னா மச்சி உங்க கிரவுண்டு முடியவே மாட்டேங்குது? ஆந்திரா வரிக்கும் போவுதா?"

"பார்டர்ல தடா வரிக்கும்தான்" என்றான் யூசுப். "அதுக்கு மேல போவணும்னா பர்மிட் ஓணும்."

யூசுப் பழவேற்காட்டுப் பையன். வியாபாரக் குடும்பம். அவன் வாப்பாவுக்குப் பொன்னேரியில் ஜவுளிக்கடை. "முட்டைய கக்கத்துல வெச்சிக்கினு ஓடறதுக்கா ஒன்ன காலேஜுக்கு அனுப்பனேன்?" என்று அவர் போனில் கேட்பது எனக்கே கேட்கும். யூசுப் சிரித்துக்கொண்டே, "மேட்ச் ஒண்ணு ஜெயிச்சிட்டு கடைக்கு வந்துட்றேன் வாப்பா" என்பான். அந்த ஒன்றுதான் வரவே இல்லை.

ஜல்லி

மூன்றாவது வருஷமோ நாலாவது வருஷமோ, பல்கலைக்கழகம் புதுப் பஸ்கள் வாங்கியது. அவற்றை நிறுத்த இடம் வேண்டும். எல்லாருடைய கண்ணும் மைதானத்தின் மேல் விழுந்தது.

சார் மேலே போய்ப் பேசிவிட்டு வந்தார். மர நிழலில் பையன்களை உட்காரவைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"இந்த வருஷம் ஒரு மேட்ச்சாவது ஜெயிக்கணும். இல்லன்னா டீம் கெடையாது. கிரவுண்டுல ஜல்லி கொட்டிடுவாங்க."

அடுத்த வாரமே ஒரு லாரி வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் கருங்கல் ஜல்லியை மலை போலக் குவித்துவிட்டுப் போனது. யூசுப் தினமும் அதைத் தாண்டித்தான் வருவான். நின்று பார்ப்பான். ஒரு ஜல்லியை எடுத்துத் தூக்கிப் போட்டுப் பிடிப்பான். மறுபடி குவியலிலேயே வைத்துவிடுவான்.

"எனக்கு முன்னாடி கேப்டனா இருந்தவங்கல்லாம் தோத்துட்டு போய்ட்டாங்கண்ணா. கிரவுண்ட தொலைச்சவன்ற பேரு எனக்குத்தான் வரும் போல. பேஜாரா கீது."

நான் அந்தக் குவியலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் புல்லுக்குத் தண்ணீர் விடுவேன். அந்தப் புல் ஒவ்வொன்றும் நான் நட்டது.

அந்த வருஷம் நடந்த ஆட்டம் எல்லாவற்றிலும் தோற்றோம். கடைசியாக ஒன்றுதான் மிச்சம். அதற்கு முதல்முறையாக நாங்களே வெளியூர் போனோம். சூளூர்பேட்டைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில் ஒரு காலேஜ்.

அம்மன் பாதி, குருமா பாதி

சார் முந்தின நாளே பெரியபாளையம் போய், பவானி அம்மன் கோயில் எலுமிச்சம்பழம் வாங்கி வந்து வேனின் முகப்பில் கட்டினார். யூசுப் வீட்டிலிருந்து ஒரு பெரிய அடுக்கில் நாஷ்டா வந்தது. இடியாப்பமும் முட்டைக் குருமாவும். வேன் முழுக்கப் பட்டை, கிராம்பு, எலுமிச்சை வாசனை. உங்கள் சாமான்களை எல்லாம் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று அவர்கள் சொல்லியிருந்ததால், நான் எங்கள் சங்கிலியையும் சுருட்டி ஸீட்டுக்கு அடியில் போட்டிருந்தேன். அங்கே அவர்களிடமே சங்கிலி இருந்தது. எங்களுடையது வேனிலேயே கிடந்தது.

காலைத் தூறலில் அவர்கள் மைதானத்துக் கோடுகள் கரைந்து போயிருந்தன. பச்சையாக ஒரு பரப்பு, ஓரத்தில் சங்கிலிக் கம்பம், அவ்வளவுதான்.

அன்றைக்கு எல்லாமே லேசாக வந்தது. நாலு வாய்ப்பில் முடியாதது மூன்றிலேயே முடிந்தது. எதிராளிகள் எங்களைவிட வாட்டசாட்டமானவர்கள். இருந்தும், சங்கிலியைக் கொண்டுவந்து அளந்தால் எங்கள் பந்து தாண்டியே கிடந்தது. எங்கள் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இடைவேளையில் சார் வேனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அம்மன்தான்டா."

"அம்மன் பாதி, எங்கம்மா குருமா பாதி சார்" என்றான் யூசுப்.

கடைசிச் சில நிமிஷங்கள். நாங்கள் மூன்று புள்ளி முன்னால். பந்து எங்களிடம். ஆனால் அது நாலாவது வாய்ப்பு. பத்து கெஜத்தைத் தாண்டிவிட்டால் பந்தை வைத்துக்கொண்டே நேரத்தை ஓட்டிவிடலாம். தாண்டாவிட்டால் பந்து அவர்களுக்கு. அவர்கள் ஓடுகிற ஓட்டத்தில் எங்களை மிஞ்சிவிடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

எதிராளிக்குப் போனாலும் தூரத்தில் போகட்டும் என்று, பந்தை உதைத்துவிடச் சொல்லி சார் வெளியிலிருந்து காலை ஆட்டிக் காட்டினார். யூசுப் கையை விரித்தான். "நம்ப பசங்க ஒதைச்சா அது கவரைப்பேட்டைக்குத்தான் சார் போவும்" என்று கத்தினான். பிறகு தானே பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினான். மூன்று பேர் அவன் மேல் விழுந்தார்கள்.

எழுந்து பார்த்தோம். போதாது.

எங்கள் கண் எங்கள் மைதானத்தில் பழகிய கண். பத்து கெஜம் என்றால் எங்கே முடியும் என்று அதற்குத் தெரியும். இன்னும் இரண்டு முழம் குறைகிறது. பையன்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெளியே நடக்க ஆரம்பித்தார்கள். யூசுப் திரும்பி உட்கார்ந்துகொண்டான். நடுவர் சங்கிலியைக் கொண்டுவரச் சொன்னார்.

நான் ஆரம்பத்தில் சொன்ன இடம் இதுதான்.

வேண்டாம் என்றவர்

சங்கிலி விறைப்பாக நின்றது. முனை, பந்துக்கு இரண்டு விரல் முன்பாகவே நின்றுவிட்டது. பந்து தாண்டிக் கிடந்தது. நடுவர் எங்கள் பக்கமாகக் கையை நீட்டினார். மறுபடி எங்களுக்கு நாலு வாய்ப்பு.

எங்கள் பக்கத்தில் யாரும் நம்பவில்லை. பி.டி. சார் மட்டும் விறுவிறுவென்று மைதானத்துக்குள் வந்தார்.

"சார், ஒரு நிமிஷம். நல்லா பாருங்க. இது பத்து வராது."

நடுவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எந்த டீம் சார்?"

"கும்மிடிப்பூண்டி."

"உங்களுக்குத்தான சார் குடுத்திருக்கேன்?"

"குடுத்தது தப்பு சார். நாங்க டெய்லி பாக்கறோம். இன்னும் ரெண்டு மொழம் ஓணும்."

யூசுப் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "சார், இன்னா சார் பண்றீங்க?" என்றான்.

"ஜல்லி கொட்டினா கொட்டட்டும்டா. நம்ப பந்து போவாத எடத்துக்கு போச்சின்னு சொல்லிக்கினு எப்டிடா அந்த கிரவுண்டுல நிக்கறது?"

எதிரணித் தலைவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "ஏமண்டி சார், மீக்கு வத்தா?" என்று தெலுங்கில் கேட்டான். உங்களுக்கு வேண்டாமா என்று அர்த்தம்.

சார் என்னிடம் திரும்பினார். "முனுசாமி, நம்ப செயின எடுத்துக்கினு வா."

அந்தச் சங்கிலியை எடுத்து வருவது, ஜல்லியை நானே கூடையில் அள்ளி வந்து கொட்டுவது போல இருந்தது. இருந்தாலும் போனேன். சார் சொன்னது சரி என்றுதான் என் கண்ணும் சொன்னது.

அவர்கள் சங்கிலிக்குப் பக்கத்திலேயே எங்கள் சங்கிலியை விரித்தேன். ஒரே இடத்தில் தொடங்கினோம். அவர்களுடையது முடிந்த இடத்தில் எங்களுடையது முடியவில்லை. போய்க்கொண்டே இருந்தது. பந்தைத் தாண்டிப் போய் விழுந்தது. இரண்டு சங்கிலி முனைகளுக்கும் நடுவில், சேறு அப்பிய முட்டை மாதிரி, பந்து.

நடுவர் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தார். அவர்கள் சங்கிலி முப்பது அடி, ஒரு நூல் பிசகவில்லை. எங்கள் சங்கிலியை அளந்தார். மறுபடி அளந்தார். கிட்டத்தட்ட முப்பத்துமூன்று அடி.

"சார், இது மீட்டர் சார். ஆட்டம் யார்டுல."

சார் குழந்தை மாதிரிக் கேட்டார். "ரெண்டும் ஒண்ணுதான சார்?"

முதலில் சிரித்தது ஆந்திராப் பையன்கள்தான். பிறகு நடுவர். பிறகு சங்கிலி பிடித்தவர்கள். சார் மட்டும் சிரிக்காமல், இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணா, இன்னா சிரிப்பு?" என்றான் யூசுப், இன்னும் திரும்பாமல்.

சொன்னேன். அவன் தன் கையை நீட்டி முழம் போட்டுப் பார்த்தான்.

"அப்போ ஒவ்வொரு வாட்டியும் நாம ரெண்டு மொழம் கூட ஓடிக்கினு இருந்தோமா?"

"ஆமாடா."

"ஜவுளிக்கடைக்காரன் புள்ளண்ணா நான். வாப்பாவுக்கு தெரிஞ்சா கடைக்குள்ளயே வுட மாட்டாரு."

அப்புறம்தான் எழுந்தான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். பந்தோடு மண்டியிட்டாலும் அது ஒரு வாய்ப்பாகக் கணக்கு, நேரமும் ஓடும். மீதி நிமிஷங்கள் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மண்டியிட்டே கழித்தார்கள். எங்கள் முதல் வெற்றி இப்படி, ஓடாமல், முழங்காலில் வந்தது.

காவிக் கோடு

திரும்பும்போது வேனில் ஒரே கூத்து. சார் மட்டும் ஜன்னலோரம் யோசனையாக இருந்தார். தடா வந்ததும் கேட்டார்.

"அப்போ நம்ப கிரவுண்டு முனுசாமி?"

"அதுவும் மீட்டர்தான் சார்."

"முடியவே மாட்டேங்குதுன்னு சொன்னானுங்களே, நெசம்தான்" என்றார். அதன் பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. கவரைப்பேட்டை வரும் வரை அது நிற்கவில்லை.

ஜல்லி கேன்டீன் பின்னால் ரோடு போடப் போய்விட்டது. பஸ்களுக்கு வேறு இடம் கிடைத்தது.

மறுநாள் சுண்ணாம்பு வாளியோடு சரியான அளவில் கோடு போடப் போனேன். பழைய கோட்டை அழிக்கும்போது யூசுப் வந்து என் கையைப் பிடித்தான்.

"பந்தயத்துக்கு சரியா போடுங்கண்ணா. பிராக்டீஸுக்கு பழசே இருக்கட்டும். இத்தினி நாளு ஓடினது பழகிப்போச்சு."

இரண்டும் வெள்ளையாக இருந்தால் குழம்பும் என்று பழைய கோட்டைக் காவியில் போட்டேன். வெள்ளை சரியான கெஜம், காவி எங்கள் கெஜம். கன்னியம்மா அக்கா வேலியோரம் வந்து, "கோயில் மதிலு மாரி கீதே. எந்த சாமிக்குடா?" என்று கேட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கேட்டார்.

அந்த அணி இன்னும் சில வருஷங்கள் ஓடியது. சிலதில் ஜெயித்தோம், பலதில் தோற்றோம். அந்தப் பையன்களில் ஒருவன் இப்போது காக்களூரில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். ஒருவன் பொதட்டூர்பேட்டைக்குத் திரும்பிப் போய் அப்பாவின் நிலத்தைப் பார்க்கிறான். பின்னால் வந்த பிள்ளைகளுக்குக் கிரிக்கெட்தான் பிடித்தது. முட்டைப் பந்துகள் காற்றுப் போய்க் கிடந்தன. ஆனால் மைதானம் இருக்கிறது. ரயிலில் போகும்போது இடது பக்கம் பார்த்தால், ஆலைகளுக்கு நடுவே ஒரு பச்சை தெரியும். அடுத்த முறை காட்டுகிறேன்.

யூசுப் சொன்ன வாக்குப்படி கடைக்குப் போய்விட்டான். நடந்ததை வாப்பாவிடம் அவனே சொன்னானாம். அவர் சிரித்துவிட்டு, கல்லாவுக்குப் பின்னால் நிற்க இடம் விட்டாராம்.

நிவேதா, போன ஞாயிறு நீ பார்த்தாயே, மாமா மீட்டர் கோலில் துணியை அளந்தார். கத்தரிக்கோலை வைத்தார். பிறகு துணியை இன்னும் இரண்டு முழம் தள்ளிவிட்டு அங்கே வெட்டினார். அவர் கணக்குத் தெரியாமல் வெட்டவில்லை.

உன் புது யூனிபார்ம் பாவாடையின் ஓரத்தில் டெய்லர் அகலமாக மடித்துத் தைத்திருக்கிறாரே, அடுத்த வருஷம் நீ வளர்ந்தால் பிரித்துவிடலாம் என்று, அந்த மடிப்பு அந்த மைதானத்திலிருந்து வந்தது.